முன் ஸ்பிரிங்கை யாருக்காக இளக்குவது

பலெர்மோவின் ஸ்கூட்டர் கராஜ்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எஞ்சின் இருமினால் நீங்கள் அதைத் தொடுவதுகூட இல்லை. கைப்பேசியை அதன் முன்னால் நீட்டி, என்ன வருத்தம் என்று கைப்பேசியிடமே கேட்கிறீர்கள். அது பதில் சொல்கிறது. அந்தப் பதில் பிழை என்று பிறகு வாடிக்கையாளர் சொல்கிறார். எங்கள் காலத்தில் இவ்வளவு வசதி இருக்கவில்லை. பிழையான பதிலை நாங்கள் முதலாளியிடமிருந்து நேரடியாகவே பெற்றுக்கொண்டோம்.

ஓய்வு பெற்றவனிடம் எழுதக் கேட்டால் புத்திமதிதான் வரும் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே பொறுப்பு உங்களுடையது. எதை எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு வீடியோ இருக்கிறது. வீடியோ பார்த்துப் பூட்டிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கதை.

எங்கள் கராஜ் அல்பெர்கேரியாவில், பலாறோ சந்தைக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யாருடையதோ வீட்டுக்குள் போகவேண்டிய ஒழுங்கையில் இருந்தது. முதலாளி பலெர்மோக்காரர். நல்ல மனிதர், அவருடைய உறவினர்கள் எதுவும் கேட்காதவரை. அந்த மாரிக் குளிரில் ஒரு உறவினர் கேட்டுவிட்டார்.

"நாளைக்கு நீ மலைக்குப் போறாய்," என்றார் முதலாளி. அவர் சொன்னது இத்தாலியனில்தான். உங்களுக்காக நம்முடைய தமிழில் தருகிறேன். "மச்சான்ரை விடுதியிலை ஒரு மோத்தோஸ்லித்தா சரியாத் திரும்புதில்லையாம்."

மோத்தோஸ்லித்தா என்றால் பனிக்கு மேல் ஓடும் வண்டி. பலெர்மோவில் குளிர் என்பது பெரும்பாலும் ஒரு அபிப்பிராயம்தான். மீன் விற்பவர் கழுத்தில் சால்வை சுற்றினால் மாரி வந்துவிட்டது என்று அர்த்தம். பனியை நான் அவருடைய மீன்பெட்டியில் மட்டுமே நெருக்கமாகப் பார்த்திருந்தேன்.

"நான் அந்த வண்டியைக் கண்டதே இல்லை," என்றேன்.

"ஹாண்டில் இருக்கு, சீற் இருக்கு, எஞ்சின் இருக்கு. சில்லு மட்டும் இல்லை. உனக்கு வேலை குறைவு."

பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையான வேலையைச் சொன்னார். அந்த வண்டியை விடுதியில் வேலைசெய்யும் ஒரு பெண் ஓட்டுகிறாள். விருந்தாளிகளின் பெட்டிகளோடு அதைப் பனிமேட்டில் கொண்டுபோய்க் குத்திவிட்டாள். மச்சான் அவளை வேலையிலிருந்து நிற்பாட்டப் போகிறார். அதற்கு முன், வண்டியில் பிழையில்லை என்று ஒரு மெக்கானிக் எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும்.

"வண்டி நல்லாயிருந்தால் நான் ஏன் போறன்?"

"நல்லாயிருக்கு எண்டு சொல்லத்தான்."

மனைவி லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்கார வீட்டில் வேலைசெய்தாள். அந்த வீட்டு அம்மாவிடம், அதாவது சிஞ்ஞோறாவிடம், கேட்டு, அவருடைய கணவரின் பனிச்சறுக்கு உடுப்பை வாங்கி வந்தாள். அந்தக் கணவர் என்னைப்போல் இருவர். உடுப்பின் நிறமோ, வீதி திருத்துபவர்கள் போடும் செம்மஞ்சள்.

"கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை," என்றாள் மனைவி. "உடுப்பைக் கிழிச்சுக்கொண்டு வராதையுங்கோ. திருப்பிக் குடுக்க வேணும்."

இப்படி எல்லோருடைய ஆசீர்வாதத்தோடும் மதோனியே மலைக்குப் போனேன். பனியை வழித்த வீதி முடியும் இடம்வரை முதலாளி தன் வான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். குளிர் தனக்கு ஒத்துவராது என்று சொல்லி, கிராமத்துக் கோப்பிக் கடைக்குத் திரும்பிவிட்டார். மிச்ச வழிக்கு அந்த மோத்தோஸ்லித்தாவே என்னை ஏற்ற வந்தது.

முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் போர் டாங்கியைப் போல ஒரு றப்பர் பட்டி. ஓட்டி வந்தவர் சின்ன உருவம். தலைக்கவசத்தைக் கழற்றி என்னைப் பார்த்ததும் இத்தாலியனை மறந்துவிட்டார்.

"அந்தோனியாரே! தமிழோ?"

"ஓம் பிள்ளை. யாழ்ப்பாணம்."

"நான் மன்னார். மெற்றில்டா. வாங்கோ அண்ணை." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உந்த உடுப்புக்குள்ளை எத்தினை பேர் இருக்கிறியள்?"

வேலையிலிருந்து நிற்பாட்டப்பட இருந்த பெண் இவர்தான். விடுதியில் அறை துடைப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது மூன்றும் அவருடைய பொறுப்பு. வண்டி ஓட்டும் வேலை அவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்றால், விடியவே எழும்பும் ஆள் அங்கே வேறு யாரும் இல்லை. வேலை ஒப்பந்தம் போனால் அந்த வசந்தத்தில் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியும் போய்விடும். இதையெல்லாம் அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. எஞ்சினின் சத்தத்துக்கு மேலால், வானிலை சொல்வதுபோலக் கத்திச் சொன்னார்.

நான் பின்னால் ஏறி இருந்தேன். அவர் சீற்றில் இருக்கவில்லை. நின்றபடியே ஓட்டினார்.

"நீர் எப்பவும் நிண்டுகொண்டோ ஓட்டுறனீர்?"

"இருந்தால் இது திரும்பாது அண்ணை. ஆள் முழுக்க ஹாண்டிலிலை தொங்க வேணும். அதோடை எந்த நேரமும் இடப்பக்கம் இழுக்கும்."

"எப்ப தொடங்கி?"

"நத்தார் பண்டிகைக்குப் பிறகு. அதுக்கு முதல் பூனை மாதிரி ஓடினது."

"நத்தாருக்கு என்ன நடந்தது?"

"விடுதிக்காரர் கவலியேரேக்கு அவரின்ரை மருமோன் ஒரு பெட்டி ஸ்பானர் பரிசாக் குடுத்தவர்."

தம்பிமாரே, ஒரு வண்டியின் வருத்தத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் சந்தித்ததில்லை.

வழியில் ஒரு வளைவு. இடப்பக்கம் பள்ளம். கீழே பைன் மரங்களின் உச்சிகள் தெரிந்தன. மரத்தின் உச்சியை மேலிருந்து பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. மெற்றில்டா முழு உடம்பையும் வலப்பக்கம் சாய்த்துத் தொங்கினார். வண்டியின் மூக்கு இடப்பக்கமே போனது. பிறகு, மனமில்லாமல் திரும்பியது.

"இந்த வளைவுக்கு எப்பவும் மாதாவைக் கூப்பிட்டுத்தான் வாறனான்," என்றார்.

நான் பிள்ளையாரைக் கூப்பிட்டிருந்தேன். மாதா ஏற்கெனவே ஏறியிருந்த வண்டியில் அவரும் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டார்.

"பனிமேட்டிலை குத்தினதும் இதிலையோ?"

"இதிலைதான். ஆனால் இறங்கி வரேக்கை. இறங்கேக்கை இடப்பக்கம் மலை. அதாலை பனியிலை குத்தினது. ஏறேக்கை இழுத்திருந்தால், என்னை எடுக்கிறதுக்குப் பனி கரையுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டிருப்பினம்."

விடுதிக்கு வந்து இறங்கியதும், உடுப்பு எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

முதலாளியின் மச்சானை எல்லோரும் கவலியேரே என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. கேட்பது மரியாதையும் இல்லை. மனிதர் பெரிய உருவம். வாசலை மறைத்துக்கொண்டு, விருந்தாளிகளுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து என்னை வரவேற்றார்.

"இதோ, பலெர்மோவிலை இருந்து நிபுணர் வந்திட்டார்!"

நான் என் வாழ்நாளில் பார்த்த முதல் மோத்தோஸ்லித்தாவில் இருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். ஆனால் நிபுணர் என்று சொன்னவரை எடுத்த எடுப்பில் மறுப்பது அழகல்ல.

வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று காட்ட அவரே ஏறினார். முற்றத்தில் நேராகப் போனார். நேராக, மிக அழகாக, கடைசிவரை போனார். அங்கே நிறுத்தி, இறங்கி, மெற்றில்டாவையும் என்னையும் அழைத்து, பின்பக்கத்தைத் தூக்கி வண்டியைத் திருப்பச் சொன்னார். பிறகு ஏறி நேராகத் திரும்பி வந்தார். சிலர் கைதட்டினார்கள்.

"ஏன் கவலியேரே, ஹாண்டிலைத் திருப்பேல்லையோ?" என்று கேட்டேன்.

"முற்றம் சின்னன்," என்றார். அந்த முற்றத்தில் ஒரு விமானம் இறங்கலாம்.

குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தேன். இதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சறுக்குப் பலகைக்கும் மேலே அதிர்வைத் தாங்கும் ஒரு ஷொக், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் இறுகும். பலகையின் மேல் பாரம் கூடும், பலகை பனியைக் கூடுதலாக அழுத்தும், ஹாண்டில் கனக்கும். இரண்டு பக்கமும் ஒரேயளவு இல்லாவிட்டால், கூட அழுத்தும் பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

இரண்டு வளையங்களும் இறுகியிருந்தன. வலப்பக்கம் ஓரளவுக்கு. இடப்பக்கம், இனித் திருக இடமில்லாத அளவுக்கு. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று பார்த்தேன். வண்டியை விடும் கொட்டிலில் அதன் வலப்பக்கம் சுவரோடு நிற்கும். அந்த இடைவெளிக்குள் கவலியேரேயின் கை போகும். வயிறு போகாது.

அந்த நேரத்தில்தான் மேகம் இறங்கியது. முதலில் மலையின் உச்சி காணாமல் போனது. பிறகு விடுதியின் புகைபோக்கி. அன்று வீடு திரும்பும் விருந்தாளிகளுக்கான பேருந்து கீழே வீதி முடியும் இடத்தில் நின்றது. வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். பெட்டிகள் வாசலுக்கு வந்தன. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள்.

"மெற்றில்டா, முதல் ரெண்டு பேரை ஏத்து!" என்றார் கவலியேரே. பிறகு என் பக்கம் திரும்பினார். "நிபுணரே, வண்டி நல்லாயிருக்கு எண்டு ஒருக்கால் சொல்லிவிடும்."

நான் வண்டியை இயக்கும் திறப்பை உருவி, உடுப்பின் ஒரு பைக்குள் போட்டேன். அந்த உடுப்பில் பைகளுக்குக் குறைவில்லை. எந்தப் பை என்று தேடுவதற்கே ஒருவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

"நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை," என்றேன்.

அதற்குப் பிறகு நடந்த உரையாடலில் என் தொழில், என் நாடு, என் உடுப்பு மூன்றும் விமர்சிக்கப்பட்டன. உடுப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. கடைசியில் அவர் முதலாளியை அழைத்து, கைப்பேசியை என் காதில் அழுத்தினார். பின்னணியில் கோப்பிக் கோப்பைகளின் சத்தம் கேட்டது.

"நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டு வாவன்," என்றார் முதலாளி. "ரெண்டு சொல்லுத்தானே?"

நான் வீரன் இல்லை. எனக்கும் வேலை வேண்டும், வாடகை கட்டவேண்டும். மெற்றில்டா தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். நான் என்ன சொன்னாலும் ஏறி ஓட்டவேண்டியவர் அவர்தான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. ஆத்திரப்பட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். முதலாளிமாரின் மனச்சாட்சிக்குப் போகும் வழி அவர்களுடைய பெயர்ப்பலகைக்கு ஊடாகத்தான் போகிறது. அந்த வழியால் போனேன்.

"சொல்லுறன் முதலாளி. பிறகு அந்த வளைவிலை ரெண்டு விருந்தாளியளோடை வண்டி விழுந்தால், நல்லாயிருக்கு எண்டு சொன்ன மெக்கானிக் எந்தக் கராஜ் எண்டுதான் பொலிசிலை முதல் கேப்பினம். கராஜின்ரை பேரை எப்பிடி எழுதுறது எண்டும் கேப்பினம்."

அவர் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?" என்றார்.

வளையங்கள் பனியில் உறைந்திருந்தன. பரிசாக வந்த ஸ்பானர் பெட்டியில் அந்த வளையத்துக்கு ஏற்ற எதுவும் இருக்கவில்லை. கவலியேரே அதை எதனால் திருகினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பிள்ளை, அறையிலை இருந்து ஒரு ஃபோன் எடுத்துக்கொண்டு வாரும்."

"திரும்பவும் முதலாளியோடையோ கதைக்கப் போறியள்?"

"அந்த ஃபோன் இல்லை. இத்தாலியர் ஃபோன் எண்டு சொல்லுற, தலைமயிர் காயவைக்கிற மெசின்."

சமையலறை யன்னலால் வயரை இழுத்து, மலையில் நின்ற ஒரு வண்டிக்கு நான் தலை காயவைத்தேன். விருந்தாளிகள் அதைப் படம் எடுத்தார்கள். பனி இளகியதும் ஒரு மொட்டை உளியாலும் சுத்தியலாலும் தட்டித் தட்டி இரண்டு வளையங்களையும் பின்னால் திருகி இளக்கினேன்.

இப்போது எவ்வளவுக்கு வைப்பது? கவலியேரே உதவிக்கு வந்தார். "நான் ஏறி இருக்கிறன், என்ரை பாரத்துக்குச் சரிபாரும்."

"கவலியேரே, இதை நாளாந்தம் ஆர் ஓட்டுறது?"

"அவதான்."

"அப்ப அவ இருக்கட்டும்."

அவருக்கு அது ஒரு புதுக் கருத்தாக இருந்தது. பகேரியாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா விருந்தாளிகளில் இருந்தார். பயணிக்குப் பதிலாகப் பின்னால் ஏறி இருக்கிறேன் என்று அவரே முன்வந்தார். இருவரும் ஏறியதும் முன்பக்கம் இரண்டு புறமும் எவ்வளவு பதிகிறது என்று கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் அளந்து, அடுப்புக் கரியால் அடையாளம் போட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை திருகினேன்.

பிறகு மெற்றில்டாவைத் தனியே முற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நான் ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. அதை அப்போது எவருக்கும் அறிவிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

திரும்பி வந்தார். "இழுவை போயிட்டுது. ஆனால் திருப்பினால் முன்பக்கம் மிதக்கிற மாதிரிக் கிடக்கு. சோம்பிச் சோம்பித்தான் திரும்புது."

அளவுக்கு மேல் இளக்கிவிட்டேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் இறுக்கினேன். மறுபடி போனார். மேகத்துக்குள் மறைந்து, எஞ்சின் சத்தம் மட்டும் இடமும் வலமுமாக அலைந்தது. எல்லோரும் சத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் வெளிச்சம் தெரிந்தது. சீற்றில் இருந்தபடியே ஓட்டி வந்தார்.

"இப்ப சொல்லுக் கேக்குது அண்ணை," என்றார். "இந்த விடுதியிலை நான் சொல்லிக் கேக்கிற முதல் ஆள் இதுதான்."

கவலியேரே தொண்டையைச் செருமினார். "சரி. நிபுணர் பாத்திட்டார். வண்டி நல்லாயிருக்கு."

"இப்ப நல்லாயிருக்கு," என்றேன்.

"முதலும் நல்லாத்தானே இருந்தது?"

தம்பிமாரே, இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். வரும்போது சுற்றிவர ஆட்கள் நிற்பார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மருந்துக்கடைக்காரம்மா முந்திக்கொண்டார்.

"கவலியேரே, நேற்று இரவுச் சாப்பாடு முழுக்க உங்கடை ஸ்பிரிங் கதைதானே? முன்பக்கத்தை உங்கடை கையாலை, பந்தய வண்டிக்கு இறுக்கிற மாதிரி இறுக்கினனான் எண்டியள். இனிப்பு வரேக்கையும் அதைத்தான் சொன்னியள்."

அவர் சிரிக்காமல், மருந்தின் அளவு சொல்வதுபோலத்தான் சொன்னார். கவலியேரேயின் முகத்தில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது. இறுக்கியது தான் இல்லை என்றால் நேற்றிரவுப் பெருமை முழுவதும் போய்விடும். தான்தான் என்றால், மெற்றில்டாவைக் குற்றம் சொல்லமுடியாது. ஒரு மனிதனைக் கடைசிவரை கைவிடாதது பெருமைதான்.

"ஓம், நான்தான் இறுக்கினனான்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "அது பந்தயக்காரருக்கான அளவு. எங்கடை மெற்றில்டா பந்தயக்காரி இல்லைத்தானே? அதாலைதான் அவவுக்கு ஏற்ற மாதிரி மாத்தச் சொல்லி நிபுணரைக் கூப்பிட்டனான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஒருவர் தன் சொந்தப் பெருமையால் நியாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்போது, வழி பிழை என்று திருப்பி அனுப்புவது மெக்கானிக்கின் வேலை அல்ல.

"அப்ப அந்தப் பனிமேட்டிலை குத்தினது?" என்று கேட்டார் மெற்றில்டா. இத்தாலியனில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நான் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்திருக்கமாட்டேன்.

"அதெல்லாம் பழைய கதை," என்று கவலியேரே கையை வீசினார். "ஆக்களை ஏத்து, இருளப் போகுது!"

மெற்றில்டா மேகத்துக்குள் போய்ப் போய் வந்து எல்லோரையும் இறக்கினார். கடைசியாக என்னை ஏற்றினார். அந்த வளைவில் நான் கண்ணை மூடவில்லை. மூடினாலும் திறந்தாலும் ஒரே வெள்ளைதான். ஆனால் அவர் ஹாண்டிலில் தொங்கவில்லை என்பது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தார், வண்டியும் அவரோடு சாய்ந்து திரும்பியது.

கீழே இறங்கியதும் கேட்டார்: "அண்ணை, உங்களுக்கு உந்த வண்டியள் எத்தினை வருசப் பழக்கம்?"

"இண்டைக்குத்தான் முதல் முதல் காணுறன்."

"இதை விடுதியிலை வைச்சுச் சொல்லாமல் விட்டியளே, கோடி புண்ணியம்," என்றார்.

முதலாளி பலெர்மோ வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு தன் உறவினர்களின் வேலைக்கு என்னை அனுப்பவே இல்லை. அதைப் பதவியுயர்வாக எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எதிர்பார்க்கும் புத்திமதி இதுதான். வண்டியின் சொந்தக்காரர் உங்களுக்கு முன்னால் நின்று கதைப்பார். பணம் தருபவர் தொலைபேசியில் கதைப்பார். ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஒரு ஓரத்தில் தலைக்கவசத்தோடு நிற்பார், அவரிடம் எவரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். அவரை ஏற்றி இருத்திவிட்டு ஸ்பிரிங்கைத் தொடுங்கள். அவர் சொல்வதைக் கேட்க உங்களிடம் செயலி எதுவும் இல்லையென்றால், காது இருக்கிறதா என்று பாருங்கள்.

வசந்தத்தில் மெற்றில்டா தொலைபேசியில் அழைத்தார். பெர்மெஸ்ஸோ கிடைத்துவிட்டதாம். அடுத்த மாரிக்கும் ஒப்பந்தம் எழுதியாகிவிட்டதாம்.

"வண்டி எப்பிடி? கவலியேரே பிறகும் கை வைச்சவரோ?"

"பின்னை? சனிக்கிழமை பின்னேரத்திலை விருந்தாளியளைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லாருக்கும் முன்னாலை முன் ஸ்பிரிங்கை இறுக்குவார். கைதட்டுவினம்."

"அப்ப நீர் என்ன செய்யிறனீர்?"

"நான் ஞாயிறு விடிய எழும்பி இளக்கிப்போட்டுக் கோப்பி வைப்பன் அண்ணை. பிறகு அவர் வந்து பாத்து, தான் இறுக்கினபடியால்தான் இவ்வளவு நல்லா ஓடுது எண்டு சொல்லுவார். நானும் ஓம் எண்டு சொல்லுவன்."